தண்டர்பேர்டில் போட்ட வேலைப் பட்டியல் ஏன் போனுக்கு வருவதில்லை?

கேள்வி: கணினியில் மின்னஞ்சலுக்கும் கலண்டருக்கும் தண்டர்பேர்ட் என்ற மென்பொருள் வைத்திருக்கிறேன். கூகிள் கணக்கைச் சேர்த்தபிறகு கலண்டர் போனிலும் சரியாக வருகிறது. ஆனால் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் கணினியிலேயே நின்றுவிடுகிறது. எங்கே பிழை விட்டேன்?

நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை. கலண்டரும் வேலைப் பட்டியலும் ஒரே திரையில் அருகருகே தெரிவதால், இரண்டும் ஒரே வழியில்தான் போய்வருகின்றன என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படி நம்பியிருந்தேன். அதனால் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு பிள்ளைகள் வெள்ளவத்தையில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

நான் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு வகுப்பு, கொட்டாஞ்சேனையில் ஒன்று, லண்டனில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு சூமில் ஒன்று. அந்த வாரம் போயா (பௌர்ணமி) விடுமுறை காரணமாக வெள்ளவத்தை வகுப்பைச் சனி காலைக்கு மாற்றியிருந்தேன். "வெள்ளி மாலை அன்ரியிடம் மண்டபத் திறப்பு வாங்க வேண்டும்" என்று தண்டர்பேர்டில் நினைவூட்டலோடு எழுதியும் வைத்தேன். வகுப்பு போனில் வந்தது. திறப்பு வரவில்லை. சனி காலை அன்ரி நீர்கொழும்பில். வத்தளையிலிருந்து வந்து, புறக்கோட்டையில் 101 பஸ்ஸில் மாறி ஏறி, எல்லோருக்கும் முதல் வந்து நின்ற பிள்ளையின் முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

அன்றிரவு தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. கலண்டர்கள் போய்வர கால்டேவ் என்றொரு பொது முறை 2007இலிருந்து இருக்கிறது. அந்த முறையில் நிகழ்வுகளையும் அனுப்பலாம், வேலைகளையும் அனுப்பலாம். ஆனால் கூகிள் தன் கால்டேவ் வழியாக நிகழ்வுகளை மட்டும்தான் ஏற்கிறது. கூகிளின் வேலைப் பட்டியலான கூகிள் டாஸ்க்ஸ் அந்த வழியில் வராது. ஆகவே நீங்கள் எழுதும் வேலை, தண்டர்பேர்ட் முதலிலேயே உருவாக்கித் தரும் 'ஹோம்' என்ற கலண்டரில் போய் உட்காருகிறது. அது உங்கள் கணினிக்குள் மட்டும் இருப்பது. வேலையைத் திறந்து, எந்தக் கலண்டரில் இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக ஹோம் என்றுதான் காட்டும்.

இனி என்ன செய்யலாம்? கூகிளை விட மனமில்லை என்றால், 'ப்ரொவைடர் ஃபோர் கூகிள் கலண்டர்' என்ற ஆட்-ஆன் (தண்டர்பேர்டோடு சேர்க்கும் துணை மென்பொருள்) டாஸ்க்ஸையும் தண்டர்பேர்டுக்குள் கொண்டுவரும். ஆனால் தண்டர்பேர்டின் பதிப்பு மாறும்போதெல்லாம் ஆட்-ஆனும் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தவணை நடுவில் அது நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் அதைத் தொடவில்லை.

நான் கோப்பு, கலண்டர் எல்லாம் இணையத்தில் வைக்க உதவும் நெக்ஸ்ட்கிளவுட் கணக்குக்கு மாறினேன். அதில் நிகழ்வும் வேலையும் இரண்டுமே கால்டேவில் போகும். தண்டர்பேர்டில் புதிய கலண்டர் சேர்க்கும் இடத்தில் 'ஒன் த நெட்வேர்க்' என்பதைத் தெரிந்தெடுத்து, பயனர் பெயரையும் நெக்ஸ்ட்கிளவுட் முகவரியையும் கொடுத்தால் மிச்சத்தை அதுவே கண்டுபிடிக்கும். அன்ட்ரொயிட் போனில், கால்டேவ் கணக்கைப் போனோடு இணைக்கும் டேவ்எக்ஸ்5 என்ற ஆப்பைப் போட வேண்டும். பிளே ஸ்டோரில் அதற்குக் காசு, எஃப்-ட்ரொயிட் என்ற இன்னொரு ஆப் தளத்தில் இலவசம். வேலைகளைப் பார்க்க டாஸ்க்ஸ்.ஓஆர்ஜி என்ற ஆப் நல்லது. ஐபோன் என்றால் தனி ஆப் தேவையில்லை, செட்டிங்ஸிலேயே கால்டேவ் கணக்குச் சேர்க்கலாம், வேலைகள் ரிமைண்டர்ஸில் வரும். அலுவலகத்தில் அவுட்லுக் பாவிப்பவர் என்றால் இவ்வளவு கஷ்டம் வேண்டாம். அவுட்லுக்கின் டாஸ்க்குகள் மைக்ரோசொஃப்ட் டு டூவில் அப்படியே தெரியும்.

மாறுவதற்கு முதல் ஹோம் கலண்டரில் வலது கிளிக் செய்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, ஐசிஎஸ் என்ற கலண்டர் கோப்பாக எடுத்து வையுங்கள். அதைப் புதிய கணக்கில் ஒரே ஒரு தரம் இறக்குங்கள் (இம்போர்ட்). இறக்குவது சிங்க் (இரு பக்கமும் தானாக ஒத்துப்போவது) ஆகாது, அது ஃபோட்டோ கொப்பி மாதிரி: பிறகு பழையதில் எதை மாற்றினாலும் புதியதில் மாறாது. யாராவது தந்த ஐசிஎஸ் இணைப்பைச் சேர்த்தால் அது ஜன்னல் மாதிரி, பார்க்கலாம், கை வைக்க முடியாது. கூகிளில் இலங்கை விடுமுறைக் கலண்டரைச் சேர்ப்பது இந்த வகைதான், போயா நாட்களெல்லாம் அதில் வந்துவிடும். இரண்டு பக்கமும் எழுத வேண்டுமென்றால் கால்டேவ் கணக்குத்தான் வேண்டும்.

அப்புறம் நேர வலயம். தண்டர்பேர்டில் ஏசியா/கொழும்பு என்று இருக்க வேண்டும், விண்டோஸில் அதே வலயத்துக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர என்று பெயர். லண்டன் பிள்ளைகளுக்காக நான் இதில் மிகவும் கவனமாக இருக்கிறேன். கோடையில் அவர்களுக்கும் எங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. வலயம் சரியாக இருந்தால், அங்கே மணிக்கூட்டை மாற்றும் வாரத்தில் வகுப்பு அவர்களுடைய கலண்டரில் தானாக நகர்ந்துவிடும்.

எல்லாம் செய்தபிறகு கணினியில் ஒரு வேலை எழுதி, சிங்க் கொடுத்து, அது போனில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு போனில் 'முடிந்தது' என்று குறித்து, கணினியில் அது கோடு விழுகிறதா பாருங்கள். இரண்டும் நடக்கும்வரை முக்கியமான எதையும் கடதாசியிலும் எழுதி வையுங்கள். உங்களுடையது என்ன போன் என்று சொன்னால், அதில் எங்கே எதை அழுத்த வேண்டும் என்று எழுதுகிறேன்.