கார்பன் குழாயிலிருந்து அலுமினிய முனை கழன்று வருவது ஏன்?

ஃபார்முலா ஸ்டூடன்ட் என்ற மாணவர் பந்தயப் போட்டிக்கான காரில், சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் கார்பன் ஃபைபர் குழாயில் ஒட்டிய அலுமினிய முனை கழன்று வருகிறது, வேறு பசை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கழன்ற முனையைப் பாருங்கள். அலுமினியம் பளிச்சென்று இருந்து, பசை முழுவதும் குழாயிலேயே தங்கியிருந்தால் குறை பசையில் இல்லை, பரப்பைத் தயார் செய்ததில்தான். அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி துடைத்து, உடனே ஒட்டுங்கள். தாமதித்தால் ஆக்சைடு படலம் வளர்ந்துவிடும். துடைத்த பரப்பில் வெறும் விரல் படவே கூடாது.

குழாய்க்கும் முனைக்கும் நடுவே எபாக்சிப் பசையின் படலம் சுற்றிலும் சீராக 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கட்டும். பசையில் சிறிது கண்ணாடி மணிகளைக் கலந்தால் இடைவெளி தானாக அமையும். கார்பன் நேராக அலுமினியத்தைத் தொட்டு அரிப்பதும் குறையும். ஒட்டும் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை, சுமை இரு ஓரங்களில்தான் குவிகிறது. அப்புறம், ஒவ்வொரு குழாயையும் இழுத்துச் சோதிக்காமல் காரில் மாட்டாதீர்கள். உள்ளே ஓட்டுநர் இருக்கிறார்.