கேளுங்கோ, சொல்லுறன்: யூதருக்குள்ள ஆர் பெரிய ஆள்?

அண்ணை, என்ர தம்பி இஸ்ரேல்ல ஒரு வயசான அம்மாவைப் பார்க்கிற கேர்கிவர் வேலையில இருக்கிறான். அந்த அம்மான்ர ஆக்கள் போலந்தில இருந்து வந்தவையாம், மேல்வீட்டில மொரோக்கோ ஆக்கள். ரெண்டு பகுதியும் யூதர்தான், ஆனா மேல்வீட்டைப் பற்றிக் கதைச்சா அம்மா முகத்தைச் சுளிக்கிறாவாம். யூதர் எண்டா எல்லாரும் ஒரே ஆக்கள் இல்லையோ?
*வாசகி, வெள்ளவத்தை*

தங்கச்சி, சமயம் ஒண்டுதான், வந்த வழிதான் வேற வேற. ஜேர்மனி, போலந்து, ரஷ்யா பக்கத்து ஆக்களை அஷ்கனாசி எண்டுவினம், 1492 இல ஸ்பெயினால துரத்தி துருக்கி மொரோக்கோ எண்டு சிதறிப் போனவை செபராதி, ஈராக் யேமன் ஈரான் ஆக்களை இப்ப மிஸ்ராகி எண்டு ஒரு பேருக்குள்ள போட்டு அடைச்சிருக்கினம். மிஸ்ராகி எண்டா கிழக்கத்தையான். இதில பகிடி என்னெண்டா மொரோக்கோ ஆக்களையும் அந்தப் பேருக்குள்ளதான் சேர்க்கிறது, மப்பை எடுத்துப் பாருங்கோ மொரோக்கோ போலந்துக்கு எவ்வளவு மேற்கில கிடக்கெண்டு. பேர் வச்சவை எந்தப் பக்கத்து ஆக்கள் எண்டு இதிலயே விளங்கும்.

ஹிட்லர் காலத்துக்கு முதல் உலகத்து யூதரில பத்துக்கு ஒம்பது பேர் கிட்ட அஷ்கனாசிதான், இஸ்ரேலைத் துவக்கின தலைவர்மாரும் அவையள்தான், அதால 1948 க்குப் பிறகு மற்ற நாடுகளால வந்து இறங்கின சனம் வேற ஆரோ ஏற்கனவே கதிரை மேசை எல்லாம் போட்டு வச்ச வீட்டுக்குள்ளதான் வந்து ஏறினது. யேமனில இருந்து 1949-50 இல கிட்டத்தட்ட 50 ஆயிரம் பேரை பிளேனில கொண்டு வந்தவை, ஈராக்கில இருந்து 1950-51 இல ஒரு லட்சத்து 20 ஆயிரம் பேர் அளவில. பக்தாத்தில மதிப்பா உத்தியோகம் பார்த்த குடும்பங்கள் 'மாபரா' எண்ட முகாமுக்குள்ள கூடாரத்திலயும் தகரக் கொட்டிலிலயும் கிடந்ததுகள். யூத சட்டத்துக்கே பெரிய நூலான தல்மூத் பாபிலோனில உருவானது, அதாவது இந்த ஈராக் ஆக்களின்ர வீட்டு முற்றத்தில! அவையளுக்குத்தான் நாகரிகம் பழக்கப் போறம் எண்டு அஷ்கனாசித் தலைவர்மார் வெளிக்கிட்டினம்.

எனக்கு ஆகக் கூட உறுத்துறது பாஷை விஷயம். ஹீப்ருவில தொண்டைக்குள்ளால வாற எழுத்துகள் இருக்கு, யேமன் ஈராக் ஆக்கள் அரபு பேசின வாயால அதை அச்சொட்டாச் சொல்லுவினம், போலந்து ஆக்களுக்கு அது வராது. கடைசியா நடந்தது என்னெண்டா வராதவன்ர உச்சரிப்பு ஊர் வழக்கமாப் போச்சு, வந்தவன்ர உச்சரிப்பு பட்டிக்காடு ஆச்சு, எங்கட ஊரில ழ வை வடிவாச் சொல்லுறவனைப் பார்த்து ழ வராதவன் சிரிச்ச மாதிரி. ஆனா நியாயத்தையும் சொல்லோணும், அஷ்கனாசிக்காரர் தங்கட வீட்டுப் பாஷை இத்திஷையும் விட்டு வைக்கேல்ல, தாய் தேப்பன் இத்திஷில கூப்பிட்டா பிள்ளையள் ரோட்டில வெக்கப்பட்ட காலம் இருந்தது.

சும்மா கேட்டுக்கொண்டு இருந்தவை எண்டு நினையாதேங்கோ. 1959 இல ஹைஃபாவில வாடி சலிப் எண்ட இடத்தில மொரோக்கோ ஆக்கள் கிளம்பினவை, 1971 இல ஜெருசலேம் முஸ்ராராப் பெடியள் அமெரிக்காக் கறுப்பரைப் பார்த்து தங்களுக்கும் கருஞ்சிறுத்தைகள் எண்டு பேர் வச்சினம், பிரதமர் கோல்டா மெயிர் அவையளைப் பற்றி நல்ல பெடியள் இல்லை எண்டு சொன்னா. அந்தச் சொல்லை அவை மறக்கேல்ல. 1977 எலக்‌ஷனில கோபம் முழுக்க வாக்கா விழுந்து வலதுசாரித் தலைவர் பெகினைப் பிரதமராக் கொண்டு வந்தது, ஆனா பெகினும் போலந்துப் பக்கத்து ஆள்தான். இண்டைக்கு வரைக்கும் மிஸ்ராகி ஒருத்தரும் பிரதமர் கதிரையில இருக்கேல்ல. எத்தியோப்பியா யூதரின்ர கதை இதைவிட மோசம், அவையள் தானம் குடுத்த ரத்தத்தை ரகசியமா வீசினது 1996 இல வெளியில வந்து பெரிய கலவரமாப் போச்சு.

இப்ப கலப்புக் கலியாணம் கனக்க. உங்கட தம்பியிட்டச் சொல்லுங்கோ, அம்மான்ர பேரப்பிள்ளையளில ஆரும் மொரோக்கோ வீட்டில முடிச்சிருக்கினமோ எண்டு மெல்லக் கேட்டுப் பார்க்கச் சொல்லி.

யூதர் பாஸ்காவுக்குச் சோறு சாப்பிட மாட்டினமாம், உண்மையோ?
*வாசகர், தெகிவளை*

பாதி உண்மை. புளிச்ச மா விலக்கு எண்டது எல்லாருக்கும் பொது. அஷ்கனாசிக்காரர் அதோட அரிசி பருப்பையும் சேர்த்து விலக்கிப் போட்டினம், ஈராக் ஆக்கள் அரிசியை மணி மணியாப் பார்த்துப் பொறுக்கிப் போட்டு வயிறு நிறையச் சாப்பிடுவினம். கலப்புக் கலியாண வீட்டில அந்தக் கிழமை எந்த மாமி அடுப்படியில நிக்கிறாவோ அவான்ர சட்டம்தான்.

கொச்சி யூதரிட்ட பழைய செப்பேடு இருக்காம், அது தமிழோ அண்ணை?
*வாசகர், கொட்டாஞ்சேனை*

எழுத்து வட்டெழுத்து, பாஷை தமிழும் மலையாளமும் பிரியிற நேரத்துப் பாஷை. கி.பி. 1000 அளவில சேர அரசன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் எண்ட யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் எண்ட வணிகக் குழுவின்ர உரிமையை எழுதிக் குடுத்தவர். பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் எண்டு வாற 72 உரிமை, வாசிச்சா எங்கட கோயில் திருவிழா மாதிரியே இருக்கும்.

இவ்வளவு பழைய ஆக்களுக்கும் பிறகு ஒரு நோவு வந்தது. ஸ்பெயின் பக்கத்தால வந்த யூதர் 1568 இல மட்டாஞ்சேரியில ஒரு ஜெப ஆலயம் கட்டினவை, அதின்ர பேரே பரதேசி ஜெப ஆலயம். பரதேசியா வந்தவை வெள்ளை யூதர், முதலே இருந்தவை கறுப்பு யூதர் எண்டு பிரிவு விழுந்திட்டுது, அதோட பரதேசி வீடுகளில அடிமையா இருந்து விடுதலையானவையின்ர வழித்தோன்றலுக்கு ஆலயத்துக்குள்ள வாங்கில இருக்கக்கூட உரிமை இருக்கேல்ல. அந்த வழியில வந்த ஏ.பி. சாலம் எண்டவர் லோயர் படிச்ச ஆள், காந்தியைப் பின்பற்றி ஆலயத்துக்குள்ளயே சத்தியாக்கிரகம் செய்தவர், யூத காந்தி எண்டே அவருக்குப் பேர். 1968 இல யாழ்ப்பாணம் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில சாதி சொல்லி ஆக்களை மறிச்சதை அறிஞ்ச ஆக்களுக்கு நான் மேல விளக்கத் தேவையில்லை.

1950 களில பெரும்பாலான ஆக்கள் இஸ்ரேலுக்குப் போட்டினம். அங்க போனா கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, எல்லாரும் இந்தியாக்காரர். பம்பாய்ப் பக்கத்து பெனே இஸ்ரேல் ஆக்களுக்கு அங்க இன்னொரு கூத்து: 1962 இல, உங்கட பரம்பரையை விசாரிச்சாப் பிறகுதான் மற்ற யூதரோட கலியாணம் எண்டு ரப்பிமார் உத்தரவு போட்டினம். சனம் ரோட்டுக்கு இறங்கி 1964 இலதான் அதை மாத்த வச்சது.

சார், ரெண்டு இதழுக்கு முன்னாடி 'இலங்கைத் தமிழர் சாப்பாடு'ன்னு எழுதினீங்க. யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ்ல ஆரம்பிச்சு பனாட்டுல முடிச்சிட்டீங்க. ஹட்டன்ல எங்க வீட்ல சாப்பிடுறது எந்த நாட்டுச் சாப்பாடு சார்?
*வாசகர், கிராண்ட்பாஸ்*

தம்பி, மேல போலந்து அம்மாவைப் பற்றி நல்லா எழுதிப்போட்டன் எண்டு நிமிர்ந்த நேரம் உங்கட கடிதம் கையில வந்து விழுந்தது. பிழை என்ர. இலங்கைத் தமிழர் எண்டு எழுதினா என்ர பேனை தன்பாட்டில பருத்தித்துறை பஸ்ஸில ஏறிடும், மட்டக்களப்பு வாசகர் ஒருத்தரும் போன வருஷம் இதையே சொல்லி ஏசினவர். சென்சஸில மலையகத் தமிழரான உங்களுக்கு வேற கட்டம் போட்டவை எண்டு நான் சாட்டுச் சொல்ல வரேல்ல.

உங்கட அம்மா தோட்டத்தில சுடுற ரொட்டியையும் அதுக்கு அரைக்கிற சம்பலையும் எழுதி அனுப்புங்கோ. நீங்க எழுதுற பேச்சிலயே போடுறன், எடிட்டர் 'எண்டு' போட்டுத் திருத்த வந்தா நான் சண்டை பிடிக்கிறன்.