ஒரு சின்னப் பேரூராட்சி எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறது, அங்கே உண்மையில் எத்தனை பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் (பூத்) யாருக்கு எத்தனை ஓட்டு என்று காட்டும் படிவம் 20-ஐ எடுங்கள். செய்திகளில் வரும் தொகுதி முடிவு இதற்கு உதவாது. சட்டமன்றத் தொகுதியில் முந்நூறு பூத் இருந்தால், உங்கள் பேரூராட்சி அதில் பத்துப் பதினைந்து பூத்தான். அவற்றைப் பிரித்துக் கூட்டினால்தான் ஊர் தெரியும்.

தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாக இந்தப் படிவம் கிடைக்கும். பூத்துக்கு ஒரு வரிசை, வேட்பாளருக்கு ஒரு கட்டம், பிறகு நோட்டா, கடைசியில் தபால் ஓட்டு. இதில் வேட்பாளர் பெயர் மட்டும்தான் இருக்கும், பெரும்பாலும் கட்சி இருக்காது. படிவம் 7ஏ, அதாவது இறுதி வேட்பாளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் கட்சியை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு சுயேச்சைகள் நிற்பது நம் ஊரில் சகஜம், அங்கே கட்டம் மாறிவிடும். பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள். எண்களை மென்பொருளை வைத்து எடுத்தால் 3, 8 ஆகும். 1, 7 ஆகும். ஒவ்வொரு வரிசையிலும் வேட்பாளர்களின் ஓட்டைக் கூட்டி, அதே வரிசையில் உள்ள மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வரிசையை மட்டும் கண்ணால் சரிபார்த்தால் போதும்.

அடுத்து, எந்தப் பூத் உங்கள் ஊருடையது? எண்ணை நம்பாதீர்கள். 2021-ல் கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் என்று குறைத்ததில், தமிழ்நாட்டில் பூத் எண்ணிக்கை 88 ஆயிரத்தைத் தாண்டியது. 2024-ல் மறுபடி 68 ஆயிரத்துக்கு இறங்கியது. 2021-ன் 112-ம் பூத்தும் 2024-ன் 112-ம் பூத்தும் வேறு வேறு தெருக்களாக இருக்கலாம். வாக்குச்சாவடிப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே உள்ள தெருப் பெயர்களைப் படித்துத்தான் பொருத்த வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பெரும்பாலான கணக்குகள் கவிழ்வது இங்கேதான்.

சாய்வுக்கு வருவோம். ஊரில் ஒரு கட்சி வாங்கிய சதவீதத்தைத் தேர்தலுக்குத் தேர்தல் ஒப்பிட்டால் தெரிவது அலை. ஊரின் சுபாவம் தெரியாது. ஊரின் சதவீதத்திலிருந்து தொகுதியின் சதவீதத்தைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, ஒரு தேர்தலில் ஒரு கட்சிக்கு ஊரில் 46, தொகுதியில் 41 என்றால் +5. அடுத்த தேர்தலில் ஊரில் 38, தொகுதியில் 32 என்றால் +6. ஓட்டு எட்டுப் புள்ளி சரிந்திருக்கிறது, ஆனால் ஊர் அந்தக் கட்சியை விட்டு நகரவில்லை, கொஞ்சம் நெருங்கியே இருக்கிறது. மூன்று தேர்தலுக்கு இப்படிப் போட்டுப் பார்த்து, மூன்றிலும் ஒரே குறி (கூட்டல் அல்லது கழித்தல்) வந்தால் மட்டும் ‘சாய்வு’ என்று சொல்லலாம்.

கூட்டணிதான் பெரிய தலைவலி. அதிமுகவும் பாஜகவும் 2019-லும் 2021-லும் ஒன்றாக நின்றன, 2024-ல் தனித்தனி. பாமக 2021-ல் அதிமுகவோடு, 2024-ல் பாஜகவோடு. 2024-ல் இந்த இரண்டு அணிகளின் ஓட்டையும் கூட்டி 2021-ன் அதிமுக அணியோடு ஒப்பிடுவது கூட்டல் கணக்குத்தான், வாக்காளர் மனசு அதில் இல்லை. சின்னமும் ஏமாற்றும். 2019-ல் விழுப்புரத்தில் விசிக வேட்பாளர் நின்றது உதயசூரியனில். அதே ஆண்டு சிதம்பரத்தில் அதே கட்சி பானையில் நின்றது. சின்னத்துக்குப் பழகிய கை எத்தனை, கட்சிக்கு விழுந்தது எத்தனை என்று பிரிக்கப் படிவம் 20-ல் வழியில்லை.

வாக்குப்பதிவு சதவீதத்தில் பலரும் மேல் எண்ணையே, அதாவது விழுந்த ஓட்டையே பார்க்கிறார்கள். கோளாறு கீழ் எண்ணில், அதாவது பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையில். ஒரு பூத்தில் 1,000 பெயர், 704 ஓட்டு என்றால் 70.4 சதவீதம். அந்த ஆயிரத்தில் 120 பேர் இறந்தவர்கள், திருப்பூர் பக்கம் நிரந்தரமாகப் போய்விட்டவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்றால், ஊரில் இருக்கும் 880 பேரில் 704, அதாவது 80 சதவீதம். வேலைக்கு வெளியேறுபவர்கள் அதிகமுள்ள ஊர் எப்போதும் சோம்பேறி ஊராகத் தெரிவது இதனால்தான். இப்படி இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள், இறந்தவர்கள் என்று குறித்த ஏஎஸ்டி பட்டியல் ஒவ்வொரு பூத் அதிகாரி கையிலும் இருக்கும். கட்சி ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் அதை மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள்.

வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்ஐஆர்) இந்தக் கீழ் எண் ஒரேயடியாக மாறியது. 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதற்குப் பிந்தைய தேர்தலை முந்தையதோடு ஒப்பிடும்போது சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, விழுந்த ஓட்டின் எண்ணிக்கையை நேருக்கு நேர் வையுங்கள். ஒரு ஓட்டுக்கூடக் கூடாமலே சதவீதம் ஏறும். நோட்டாவையும் விழுந்த ஓட்டில் சேர்க்க மறக்காதீர்கள். தபால் ஓட்டு பூத்வாரியாக வராது. 2024-ல் 85 வயதைக் கடந்தவர்களுக்கும் அது இருந்ததால், முதியவர்கள் அதிகமுள்ள ஊரில் இரண்டொரு ஓட்டு குறைவாகத் தெரியும்.

உள்ளாட்சித் தேர்தல் கணக்கே தனி. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். வார்டும் சட்டமன்றப் பூத்தும் எல்லையில் பொருந்தாது. ஆண் பூத், பெண் பூத் என்று பிரித்திருப்பார்கள். 2022 பிப்ரவரியில் பேரூராட்சிகளில் 74.68, நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22 சதவீதம் பதிவானது. சில நூறு ஓட்டுள்ள வார்டில் பத்து ஓட்டில் தலையெழுத்து மாறும். அதனால் வேட்பாளரே வேன் வைத்து ஆள் கூட்டி வருவார், சொந்தக்காரர் ஓட்டு கட்சி தாண்டி விழும். அந்த முடிவை வைத்துக் கட்சிச் சாய்வு சொல்லாதீர்கள்.

படிவம் 20-ல் ஒரு பூத்துக்கு எல்லாக் கட்டமும் பூஜ்யமாக இருந்தால் புறக்கணிப்பு என்று உடனே எழுதிவிடாதீர்கள். வாக்குப்பதிவுக்கு முன் சோதனைக்காக நடத்தும் மாதிரி வாக்குப்பதிவின் ஓட்டுகளை அழிக்காமல் விட்ட இயந்திரத்தை ஒதுக்கி வைப்பார்கள்; வெற்றி வித்தியாசம் அந்தப் பூத்தின் ஓட்டைவிட அதிகமாக இருந்தால் அதை எண்ணாமலே விடுவதுண்டு. வாக்குப்பதிவு நாளன்று மாலை ஏஜென்ட்டுக்குக் கொடுத்த படிவம் 17சி-யின் நகலில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பது இருக்கும்.