ரெசினா, தஞ்சாவூர் ஓவியமா? முதலில் ஜன்னலை அளந்துவிடுங்கள்

கேள்வி: திருச்சி உறையூரில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். குடிவந்து இரண்டு வருடமாகியும் ஹால் மொட்டையாகவே கிடக்கிறது. இந்த நவராத்திரிக்குக் கொலு வைக்கப் போகிறேன், அதற்குள் வீட்டை அழகாக்க வேண்டும். 20,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கைவேலை கற்றுக்கொண்டு நானே செய்தால் செலவு குறையும் அல்லவா? பக்கத்தில் மூன்று நாள் ரெசின் ஆர்ட் (அச்சில் ஊற்றி இறுக வைக்கும் பிசின் வேலை) வகுப்புக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். அதே இடத்தில் சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூர் ஓவிய வகுப்பும் உண்டு, 7,500 ரூபாய். எதில் சேரலாம்? ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டரை வயதுப் பையன் இருக்கிறான். அம்மா வீட்டில் ஒரு பழைய தையல் மிஷின் சும்மா கிடக்கிறது, அதை விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: மிஷினை விற்காதீர்கள். போகிற போக்கில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

ஒரு ஹாலுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது ஜன்னல், தரை, திவான், விளக்கு வெளிச்சம். இதில் விளக்கைத் தவிர மற்றதெல்லாம் துணியாலும் பாயாலும் மாறக்கூடியவை. ரெசின் வகுப்பில் நீங்கள் செய்து கொண்டுவரும் கோஸ்டரும் தட்டும் டீப்பாயில் ஒரு மூலையில் உட்காரும். ஹால் அப்படியேதான் இருக்கும். அதனால் நவராத்திரிக்குள் கற்க வேண்டிய கைவேலை தையல் என்பேன், அதிலும் நேர்த்தையல் மட்டும். ஜாக்கெட் வெட்டக் கற்றுத்தரும் ஆறு மாதப் படிப்பெல்லாம் இப்போது வேண்டாம். திரைச்சீலை, திவான் விரிப்பு, குஷன் உறை, கொலுப்படி விரிப்பு எல்லாமே நேர்கோட்டில் ஓடும் தையல், ஓரம் மடிப்பு, மூலை திருப்பல் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். உங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்காவிடம் போய், ‘எனக்கு இது மட்டும் போதும்’ என்று கேளுங்கள். மத்தியான வேளையில் தைக்க வருகிறவர்கள் குறைவு, சம்பளம் பேசிச் சொல்லிக்கொடுப்பார்.

மிஷினைக் கொண்டுவந்ததும் பழுது பார்க்கிறவரிடம் காட்டி எண்ணெய் விடுங்கள், பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள், துரு ஏறிய ஊசியைத் தூக்கிப் போடுங்கள். நடுத்தரப் பருத்திக்கு 14ஆம் நம்பர் ஊசி, கெட்டியான துணிக்கு 16. நூல் அறுந்துகொண்டே இருந்தால் உங்கள் கையைக் குறை சொல்லும் முன் ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இனி அளவு. திரைச்சீலையில் பணம் வீணாவது பெரும்பாலும் கடையில் நின்றுகொண்டு குத்துமதிப்பாக மீட்டர் சொல்வதால்தான். உங்கள் ஜன்னல் 4 அடி அகலம், 4 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சீலை சுருக்கம் விழுந்து அழகாகத் தொங்க ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும். 48 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியில் இரண்டு பாளம் (துண்டு) எடுத்தால் அகலம் சரியாகிவிடும். உயரத்துக்கு 48 அங்குலத்தோடு மேலே ராடு நுழையும் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 5, துவைத்தால் சுருங்குவதற்கு 3 சேர்த்தால் 60 அங்குலம். இரண்டு பாளத்துக்கு 120 அங்குலம், அதாவது 3 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இப்படி மூன்று ஜன்னல் இருந்தால் ஒன்பதரை மீட்டர் வாங்கினால் போதும். வாங்கியதும் வெட்டாதீர்கள். முழுத் துணியையும் ஒருமுறை தண்ணீரில் ஊற வைத்து, காய வைத்து, இஸ்திரி போட்ட பிறகு கத்தரியை எடுங்கள். தைத்த பிறகு சுருங்கும் சீலை ஜன்னலுக்குப் பாவாடை கட்டிவிட்ட மாதிரி ஏறி நிற்கும்.

துணிக்குக் கரூர் போய்வரலாம். வீட்டு உபயோகத் துணிக்குப் பேர்போன ஊர் உங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, பிராண்ட் கடையில் தைத்துத் தொங்கும் சீலைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஏற்றுமதியில் மிஞ்சியதை மீட்டர் கணக்கிலும் எடை போட்டும் விற்கும் கடைகள் அங்கே உண்டு. மிஞ்சிய சரக்கில் இரண்டு விஷயம் பாருங்கள்: வெளிச்சத்தில் பிடித்து நெசவுக் குறை தெரிகிறதா, மொத்தமும் ஒரே தானிலிருந்து (துணிச் சுருளிலிருந்து) வருகிறதா. ஒரே நிறம் என்று கடைக்காரர் சொன்னாலும் இரண்டு தான்களுக்கு இடையே சாயம் லேசாக மாறும். கடைக்குள் தெரியாது, பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் மாட்டினால் பளிச்சென்று தெரியும். போக நேரமில்லையென்றால் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பழைய கைத்தறிச் சேலைகளை எடுங்கள். சேலையின் 48 அங்குல அகலத்தைக் குறுக்கே படுக்கவிடுங்கள், கரை இரண்டு ஓரமும் தானாக அலங்காரமாகிவிடும்.

ஆணி அடிக்காமல் சீலை தொங்க, சுருள்கம்பி வைத்த ராடு கிடைக்கிறது. 9 அங்குலச் சுவரில் ஜன்னல் உள்வாங்கி இருக்குமே, அந்த இடைவெளியில் திருகி நிறுத்தினால் நிற்கும். லேசான பருத்தியைத் தாங்கும், கனமான துணியைத் தாங்காது. ஜன்னல் கதவு உள்பக்கம் திறந்தால் இது உதவாது, வீட்டுக்காரரிடம் ஜன்னலுக்கு மட்டும் அனுமதி கேட்க வேண்டியதுதான். ‘காலி செய்யும்போது ஓட்டையைப் பட்டி பார்த்து அடைத்துத் தருகிறேன்’ என்று வாட்ஸாப்பில் எழுதி அனுப்புங்கள், பலர் இறங்கி வருவார்கள். ஒட்டும் கொக்கிகளை வாங்கும் முன் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்போ மலிவு டிஸ்டெம்பரோ. அதில் எந்தக் கொக்கியும் நிற்காது.

சுவருக்கு நீங்களே வண்ணம் அடிக்கும் யோசனை இருந்தால், அடிப்பகுதியில் உப்புப் பூத்து உரிகிறதா என்று முதலில் பாருங்கள். உரிந்தால் அது ஓதம். அதன் மேல் எவ்வளவு நல்ல எமல்ஷன் அடித்தாலும் மழைக்காலத்தில் செதில் செதிலாக வந்துவிடும், அது வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டிய வேலை.

தரைக்கு முசிறிக் கோரைப்பாய். உங்கள் மாவட்டத்திலேயே காவிரிக் கரையில் விளையும் கோரை, அதை விட்டுவிட்டு பிளாஸ்டிக் பாய் வாங்காதீர்கள். கொலுவுக்கு வருகிறவர்கள் உட்கார ஒரு பவானி ஜமக்காளம் போதும். பையன் பாலைக் கொட்டினாலும் துவைத்துப் போடலாம். வெளிச்சத்துக்கு, டியூப்லைட்டை அப்படியே விட்டுவிட்டு ஒரு மூலையில் மேஜை விளக்கு வையுங்கள், பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட பல்பாக. 6500 என்று போட்டது வெள்ளை வெளேரென்று எரியும், பொம்மைகளின் வண்ணத்தை வெளுக்கடிக்கும்.

ரெசினை நான் தள்ளி வைப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. இரண்டு திரவத்தைச் சரியான விகிதத்தில் கலந்து, தூசி படாமல், யாரும் தொடாமல் ஒரு நாள் முழுக்க இறுக விட வேண்டும். காற்றோட்டம் வேண்டும், கையுறை வேண்டும். தோலில் படப்படச் சிலருக்கு ஒவ்வாமையே வந்துவிடும். இரண்டரை வயதுப் பிள்ளை ஓடித் திரியும் வாடகை வீட்டில் இதை எங்கே வைப்பீர்கள்? வகுப்பில் எல்லாம் அவர்கள் பொருள், வீட்டுக்கு வந்ததும் ரெசின், அச்சு, நிறமி என்று புதுச் செலவு ஆரம்பமாகும். வெயில் படும் இடத்தில் வைத்தால் நாளாக ஆக மஞ்சளாகும் குணமும் அதற்கு உண்டு.

தஞ்சாவூர் ஓவியம் வேறு கதை. கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கொலுவுக்குள் முடிக்க வேண்டும் என்று அல்ல. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு (மெல்லிய தகடு) ஒட்டி, அதன் பிறகுதான் வண்ணம். ஒவ்வொன்றும் காய வேண்டும், அவசரப்பட்டால் மேடு வெடிக்கும். ஐப்பசியில் சேருங்கள். பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: ரேக்கு 22 காரட்டா, போலியா (போலி கொஞ்ச வருடத்தில் மங்கும்), பலகையும் கல்லும் கட்டணத்துக்குள் வருமா, கண்ணாடிச் சட்டம் யார் செலவு, ஒரு வகுப்புக்கு எத்தனை பேர். ஆசிரியர் வரைந்ததைக் காட்டுவார்கள். நீங்கள் முதல்முறை வந்த மாணவர் வரைந்ததைக் காட்டச் சொல்லுங்கள். சிங்காரத்தோப்பில் உள்ள பூம்புகார் அரசு கைவினைக் கடையில் ஒரு மாலை நின்று அசல் வேலையைப் பார்த்துவிட்டுப் போனால் எது நல்ல வேலை என்று கண்ணுக்கே பிடிபடும்.

(கிராமத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தையல் பயிற்சி இலவசம். ஆனால் அது தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கானது, திரைச்சீலை தைக்க மட்டும் போய் ஒரு இடத்தை அடைத்துக்கொள்ளாதீர்கள்.)

உங்கள் 20,000 ரூபாய்க்கு நான் போடும் வரம்பு இது: துணிக்கு 2,500, ராடு, நூல், ஊசிக்கு 1,000, மிஷின் பழுதுக்கும் கற்றுக்கொடுப்பவருக்கும் 3,000, பாய், ஜமக்காளத்துக்கு 2,500, விளக்குக்கு 800. மொத்தம் 9,800. மீதியில் ஓவிய வகுப்புக்கு 7,500 போனாலும் சட்டம் போடக் கையில் கொஞ்சம் நிற்கும். அந்த மீதியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், கரூரில் கடைக்காரர் இரண்டாவது தானை விரிக்கும்போது அது கையில் இருக்கக் கூடாது.

ஒருவேளை ரெசின் வகுப்புக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், திருப்பித் தரச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். இரண்டு வகுப்பும் ஒரே இடத்தில்தானே, ஐப்பசி ஓவிய வகுப்புக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லி ரசீதில் எழுதி வாங்குங்கள்.