எந்தத் தெரு என்று கேட்கிற இன்டர்வியூ

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லிவிட்டு மூன்று மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அதுவரை உட்கார நாற்காலிகூட இல்லை. டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? கல்யாணமாகி எத்தனை வருஷம்? குழந்தை எப்போது?' இவ்வளவுதான். சம்பளம் என்ன என்றதற்கு, 'சேரும்போது பேசிக்கலாம்' என்றார் முதலாளி. 'வேலை கேட்டுப் போனா அப்படித்தான், பொறுத்துக்கணும்' என்கிறார் அப்பா. அது சரியா?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: சரியில்லை. ஆனால் அப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். பண்ணையாட்களைக் காப்பாற்ற 1952ல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்த மண் இது. வேலை கொடுப்பவர் வாசலில் கைகட்டி நிற்பது நம் பெரியவர்களுக்குப் பழகிப்போனது. உங்களுக்கும் பழக வேண்டாம்.

'எந்தத் தெரு?' என்ற கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. முகவரி உங்கள் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அக்ரகாரமா, குடியானத் தெருவா, காலனியா என்று அறியத்தான் அதைக் கேட்கிறார்கள்; டெல்டாவில் பிறந்த யாருக்கும் இது தெரியும். சாதியை நேராகக் கேட்கத் துணிவில்லாதவர் தெருவைக் கேட்கிறார். கணக்கு எழுதுவதற்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

குழந்தை பற்றிய கேள்விக்குப் பின்னாலும் ஒரு கணக்கு உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம். அதைக் கொடுக்க வேண்டி வருமோ என்றுதான் முன்கூட்டியே துருவுகிறார்கள். மாதவிலக்கு, கர்ப்பம் பற்றியெல்லாம் வேலைக்கு வரும் பெண்களிடம் படிவத்தில் எழுதி வாங்கியது எல்.ஐ.சி. கர்ப்பத்தை மறைத்ததாகச் சொல்லி ஒருவரை வேலையை விட்டும் நீக்கியது. 1991ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுக்கச் சொன்னது, அந்தப் பெண்ணைத் திரும்ப வேலையில் சேர்க்கவும் உத்தரவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே கேட்கக் கூடாததை கும்பகோணத்து முதலாளி மட்டும் எப்படிக் கேட்கலாம்?

நாற்காலி விஷயம் சின்னதாகத் தெரியலாம். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு சட்டத்தையே திருத்தியது. வேலை தேடி வருபவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுதான். ஆனால், பஸ் காசு போட்டு, ஒரு நாளை விட்டுவிட்டு வந்தவரை ஐந்தரை மணி நேரம் நிற்கவைத்தவர், சம்பளத்துக்கும் விடுப்புக்கும் எத்தனை நாள் அலையவிடுவாரோ! இன்டர்வியூவில் நீங்களும்தான் அவரை எடைபோடுகிறீர்கள்.

அடுத்த முறை தெருவைப் பற்றிக் கேட்டால், 'முகவரி விண்ணப்பத்தில் இருக்கிறது சார், வேலையைப் பற்றிக் கேளுங்கள்' என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்காகவே வேலை தர மறுத்தால், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். ஒருவேளை இந்த நிறுவனமே கூப்பிட்டால், சம்பளம், வேலை நேரம், விடுப்பு மூன்றையும் எழுத்தில் வாங்காமல் சேராதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.