தெருக்கூத்தை ஊரோடு சேர்ந்து படமெடுக்க: கேள்வி பதில்

கேள்வி (வந்தவாசி): எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்து நடக்கிறது. ஊர்ப் பிள்ளைகளே சேர்ந்து ஆவணப்படம் எடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: மூன்று பேரைப் போய்ப் பாருங்கள்: ஜமா (கூத்துக் குழு) வாத்தியார், விழாக் குழு, மைக் செட்காரர். மூன்றாமவரை எல்லோரும் மறக்கிறார்கள். அப்புறம் ஒலி நாசமாகிவிட்டது என்று புலம்புகிறார்கள்.

எந்த இரவு என்ன கூத்து என்று வாத்தியாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வில் வளைப்பு முதல் பதினெட்டாம் போர் வரை எல்லா இரவையும் எடுக்கப் புறப்பட்டால் மூன்றாம் நாளே ஆள் சாய்ந்துவிடும். இரண்டு இரவு போதும். அர்ச்சுனன் தபசையும், துரியோதனன் வீழும் படுகளத்தையும் மட்டும் விடாதீர்கள்; அங்கே ஊரே வேஷக்காரர்களோடு சேர்ந்துவிடுகிறது. மற்ற நாட்களில் பகலில் போய் அரிதாரம் பூசுவதையும் கட்டைக்கு, அதாவது வேஷக்காரர் அணியும் மர அணிகளுக்கு, கண்ணாடி ஒட்டுவதையும் எடுங்கள்.

ஐந்து பேர் வேண்டும்: கேமராவுக்கு இருவர், ஒலிக்கு ஒருவர், மெமரி கார்டு மாற்றிக் குறிப்பெழுத ஒருவர், ஊராரிடம் பேச ஒருவர். ஆள் குறைந்தால் கேமராவைக் குறையுங்கள், ஒலியைக் குறைக்காதீர்கள்.

கேள்வி (ஆரணி): எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். எட்டு மணி நேரம் நிற்காமல் பதிய வேண்டும். சில கேமராக்கள் அரை மணி நேரத்தில் தாமாகவே நின்றுவிடும். எடுக்குமுன் அதைச் சோதியுங்கள். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 22.5 ஜிபி ஆகும். இரண்டு கேமரா, எட்டு மணி என்றால் இரவுக்கு 360 ஜிபி. இரண்டு இரவுக்கு 1 டிபி டிஸ்க் இரண்டு வேண்டும். இரண்டிலும் அதே நகல். நகல் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள்.

கேள்வி (திண்டிவனம்): போன வருஷம் எடுத்ததில் டியூப் லைட் வெளிச்சம் கோடு கோடாக ஓடுகிறது. பாட்டும் புரியவில்லை.

பதில்: முதலாவது சுலபம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேமில் எடுத்து ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள். வேஷம் கிறுக்கி (வேகச் சுழற்சி) சுற்றும்போது 1/100 கொஞ்சம் தெளிவாக இருக்கும். சீரியல் விளக்கு, மலிவு எல்இடி எல்லாம் இந்தக் கணக்குக்கு அடங்காது. மாலையே போட்டுப் பாருங்கள்.

இரண்டாவதுதான் விஷயம். களரியின், அதாவது கூத்தாடும் இடத்தின், முன்பக்கம் மைக் தொங்குகிறது. வேஷக்காரர் அதனடியில் வந்தால் குரல் கேட்கும், விலகினால் போய்விடும். சலங்கைச் சத்தம் செட்டில் வரவே வராது. முகவீணை என்ற ஊதுகுழலோ பக்கத்தில் இருக்கும் எதையும் அமுக்கிவிடும். அதனால் மூன்று இடத்தில் தனித்தனியாகப் பிடியுங்கள்: செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு லைன், மேளக்காரர் பெஞ்சுக்கு முன்னால் சற்றுத் தள்ளி உயரமான ஸ்டாண்டில் ஒரு ஸ்டீரியோ மைக், களரி ஓரத்தில் தரையோடு தரையாக மடித்த சாக்கின்மேல் சலங்கைக்கு ஒரு மைக். மிக்சருக்கும் ரெக்கார்டருக்கும் நடுவே, இரைச்சலைத் தடுக்கும் டிஐ பெட்டி வையுங்கள், இல்லையென்றால் கரண்ட் இரைச்சல் ஏறும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. முகவீணை தொடங்கிய பிறகு அளவு வையுங்கள், களரி கட்டும்போது வைத்தால் பிசகும்.

ஒவ்வொரு கார்டு மாற்றும்போதும் கைதட்டிப் பதியுங்கள். கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் கடிகாரம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபட்டாலே எட்டு மணி நேரத்தில் ஏழு பிரேம் விலகும். உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போகும்.

பாட்டு வரிகளை இரவுப் பதிவிலிருந்து எழுத முயலாதீர்கள். பகலில் வாத்தியாரை உட்கார்த்தித் திரை விருத்தத்தை (வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடும் பாட்டு) நிதானமாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள்.

கேள்வி (போளூர்): பட்ஜெட் குறைவு. எந்தக் கேமரா நல்லது?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (காஞ்சிபுரம்): படத்துக்குத் தெருக்கூத்து என்று தலைப்பு வைப்பது தவறு. கட்டைக்கூத்து என்பதே கலைஞர்களின் சொல்.

பதில்: 1990ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் சங்கம் கட்டைக்கூத்து என்றே பெயர் வைத்துக்கொண்டது. ராஜ வேஷங்களின் கிரீடமும் புஜக்கட்டையும் அந்தப் பெயருக்குக் காரணம். நீங்கள் எடுக்கும் ஜமா அந்தப் பெயரை வைத்திருந்தால் அதையே போடுங்கள்.

கேள்வி (செய்யாறு): அப்போது புரிசை ஊர் ஜமா? கண்ணப்ப தம்பிரான் பரம்பரை தெருக்கூத்து மன்றம் என்றுதானே பெயர் வைத்திருக்கிறது? ‘தெரு’ என்றால் கேவலமா?

பதில்: கேவலம் என்று யார் சொன்னது? தெருவில் ஆடியது என்று சொன்னால் இறக்கிப் பேசுவதாகச் சிலருக்குப் படுகிறது. ஊர்ப் பொதுவிடத்தில் எல்லோருக்கும் முன் ஆடியது என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். கட்டை என்றாலும் முழுமையில்லை. கதை சொல்லிச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் கட்டை கட்டுவதில்லை, பெண் வேஷமும் கட்டுவதில்லை. அவர்கள் இல்லாமல் எந்தக் கூத்து நடக்கும்?

கேள்வி (சேலம்): எங்கள் பக்கம் வெறும் ‘கூத்து’தான். இரண்டு பெயரும் வெளியாள் சூட்டியது.

பதில்: பல ஊரில் பெரியவர்கள் ‘நாடகம்’ என்றும் சொல்வார்கள். இந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது. படத்திலேயே வைத்துவிடுங்கள்: வாத்தியார், முகவீணைக்காரர், பெண் வேஷக்காரர், கோயில் தர்மகர்த்தா என்று ஒவ்வொருவரிடமும் ‘இதற்கு என்ன பெயர்?’ என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் கிடைக்கும், அதை வெட்டாதீர்கள். பெயரைப் பற்றி இன்னும் ஆறு கேள்வி வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

கேள்வி (செஞ்சி): ஜமாவிடம் எழுதி வாங்க வேண்டுமா? வாய்ச்சொல் போதாதா?

பதில்: எழுதுங்கள், அதுவும் தமிழில். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு ஆடுபவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. ஆனால் படத்தில் சேர்க்க அவர் எழுத்தில் சம்மதித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது தயாரிப்பாளர் அதை அனுபவிப்பதைத் தடுக்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி மட்டும் கேட்கலாம். அதனால்தான் ‘வேறு ஒப்பந்தத்தை’ நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் திரையிடுவது, படவிழாவுக்கு அனுப்புவது, யூடியூப், காப்பகம், ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனிக் கையெழுத்து. மூலப்பதிவு நகல் ஒன்று ஜமாவின் கையில் இருக்க வேண்டும். பேட்டிக்குக் கூப்பிடும் பகலுக்கு அவர் இழக்கும் கூலியைக் கொடுங்கள்.

சாமி ஆடியவர்களிடம் அன்றே கேட்காதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்ப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் நீக்குங்கள்.

கேள்வி (விழுப்புரம்): கருமாதியில் நடக்கும் கர்ண மோட்சத்தை எடுக்கலாமா?

பதில்: வீட்டார் கூப்பிட்டால்.

கேள்வி (அரக்கோணம்): தீமிதியை டிரோனில்?

பதில்: கூட்டத்துக்கும் குண்டத்துக்கும் மேலே வேண்டாம். கோயில் மதிலோ மொட்டை மாடியோ போதும்.

கேள்வி (திருவண்ணாமலை): நேருக்கு நேர் நின்று முகத்தை நெருக்கமாக எடுத்தால் உணர்ச்சி வருமல்லவா?

பதில்: அடவு காலில் இருக்கிறது. ஒரு கேமராவில் தலைமுதல் கால்வரை, கிரீடத்துக்கு மேலே ஒரு கை இடம் விட்டு, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். மற்றதை வைத்து முகத்தைத் தேடுங்கள். திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளிவரும்வரை எந்தக் கேமராவையும் நிறுத்தாதீர்கள். கார்டு மாற்றுவதைக் கட்டியங்காரன் வரும்போது வைத்துக்கொள்ளாதீர்கள், ஊர் சிரிப்பது அப்போதுதான். இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் கார்டு மாற்றக் கூடாது.

கேள்வி (வேலூர்): முடிந்த படத்தை எப்போது யூடியூபில் போடலாம்?

பதில்: முதலில் எடிட் செய்ததை ஜமாவுக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள், வாத்தியார் சொல்லும் தவறைத் திருத்துங்கள். அடுத்து கோயில் சுவரில் வேட்டி கட்டி ஊருக்குக் காட்டுங்கள், யூடியூப் அதற்கப்புறம். ஸ்பீக்கரை அந்த மைக் செட்காரரிடமே கேளுங்கள்.

கேள்வி (செங்கல்பட்டு): கேமரா எது...

பதில்: வாடகைக்கு.