பெயரைக் கீழே வைத்தால் மீறலா? – வடிவமைப்புக் கேள்வி பதில்

கேள்வி: விஸ்காம் பாடத்துக்காக ஓர் இசை இதழுக்கு அட்டை, பொருளடக்கம், இரண்டு பக்கப் பேட்டி மூன்றையும் செய்கிறோம். 'எந்த வழக்கத்தைப் பின்பற்றினீர்கள், எதை மீறினீர்கள்' என்று அறிக்கையும் தரவேண்டும். இதழின் பெயரை அடியில் வைத்தோம். அட்டையில் கட்டுரைத் தலைப்பு ஒன்றுகூட இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் 'கச்சேரி போஸ்டர் நல்லா இருக்கு' என்கிறார்கள். எங்கே பிசகினோம்?
– மாணவி, திருச்சி

பதில்: பார்த்தவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாளை இதழ் என்று கண் நம்ப வேண்டுமானால் சில அடையாளங்கள் வேண்டும்: உச்சியில் பெயர், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் வரிகள், மாதம், விலை, பார்கோடு, நம்மை நேராகப் பார்க்கும் முகம். ஒன்றை எடுத்தால் மற்றவை தாங்கும். நீங்கள் இரண்டை ஒரே சமயத்தில் உருவிவிட்டீர்கள். பெயர் அடியிலேயே இருக்கட்டும். இடது ஓரத்தில் மூன்று, நான்கு கட்டுரைத் தலைப்புகளை ஏற்றுங்கள். மாதம், விலை, பார்கோடு இல்லையென்றால் அவற்றையும் சேர்த்துவிடுங்கள். போஸ்டர் இதழாகிவிடும். அதன் பிறகுதான் அடியில் இருக்கும் பெயர், தெரிந்தே செய்த மீறலாகத் தெரியும்.

அறிக்கைக்கு வருவோம். பிரிட்டனில் ஓசிஆர் தேர்வு வாரியம் ஏஎஸ் (பள்ளி மேல்நிலை) மீடியா ஸ்டடீஸ் மாணவர்களிடம் பல ஆண்டுகள் இதே அட்டை, பொருளடக்கம், பேட்டி மூன்றைத்தான் கேட்டது. படங்கள் குறைந்தது நான்கு, எல்லாம் மாணவரே எடுத்தவையாக இருக்க வேண்டியிருந்தது. 'வழக்கத்தைப் பின்பற்றினாயா, மீறினாயா' என்ற கேள்வியும் அந்தப் பாடத்தில் இருந்தது. 'பெயர் மேலே: பின்பற்றினோம். எழுத்து கோணல்: மீறினோம்' என்று வரவு செலவு எழுதினால் அதற்கு மதிப்பெண் தேறாது. வழக்கம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டிஷ் கடை அலமாரிகளில் இதழ்களை ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் அடுக்கும்போது இடது மூன்றில் ஒரு பங்குதான் வெளியே தெரியும். முக்கியமான சொற்கள் அங்கே குவிந்தது அதனால்தான். 1986 முதல் 2020 வரை வந்த 'க்யூ' என்ற பிரிட்டிஷ் இசை இதழின் சிவப்புச் சதுரம் இடது மேல் மூலையில் உட்கார்ந்திருந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். நம் பெட்டிக்கடையில் இதழ் கயிற்றில் தொங்குகிறது, அல்லது மேல் விளிம்பு மட்டும் தெரியும்படி அடுக்கில் நிற்கிறது. அங்கே பெயர் அடியில் இருந்தால் யார் கண்ணிலும் படாது. இந்த நஷ்டத்தை நீங்களே அறிக்கையில் ஒப்புக்கொண்டு, 'சபா வாசலிலும் கல்லூரியிலும் கையில் கொடுக்கும் இதழ் இது, கடையில் தொங்காது' என்று காரணம் சொன்னால் மீறலுக்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

இன்னொன்று, யாருடைய வழக்கம் என்பது. 1981-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ராக் இதழ் 'கெராங்!' உடைந்த கண்ணாடி போன்ற பெயரெழுத்தும் இடைவெளியே இல்லாத அட்டையுமாக வந்தது. ராக், மெட்டல் வாசகருக்கு அதுதான் வழக்கம். அதே நெரிசலைக் கர்நாடக இசை இதழில் கொண்டுவந்தால் அது மீறல். வெள்ளை வெளியும் ஒரு தம்புராவும் வைத்துவிட்டு 'மினிமலிசம்' என்று எழுதினால் அங்கே எதையும் மீறியதாக ஆகாது.

கடைசியாக, எல்லா அறிக்கையிலும் வந்து நிற்கும் அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் கார்சன். 'ரே கன்' என்ற இசை இதழில் 1994-இல் பாடகர் பிரையன் ஃபெரியின் பேட்டி சுவாரசியமாக இல்லை என்று, எழுத்தே இல்லாத குறியீட்டு ஃபான்ட்டான ஸாஃப் டிங்பேட்ஸில் முழுப் பேட்டியையும் அச்சிட்டார். எல்லாரும் இதுவரை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே இதழின் பின்பகுதியில் பேட்டி படிக்கும்படியாகவும் அச்சாகியிருந்தது. படிக்க முடியாத பக்கம் வைப்பதானால் வாசகருக்கு இப்படி ஒரு வழியும் விடுங்கள்.

கேள்வி: ஆங்கில இதழ்களில் பாடகரின் தலை இதழ்ப் பெயரை லேசாக மறைக்கிறது. நாங்கள் 'துடும்பு' என்ற பெயரில் அதைச் செய்தோம், அசிங்கமாக இருக்கிறது.
– மாணவர், கோவை

பதில்: நடுவில் நிற்கும் தலை 'ம்' மேலுள்ள புள்ளியை விழுங்கியிருக்கும். இப்போது பெயர் 'துடுமபு'. ஆங்கிலத்தில் ஓரிரு எழுத்தின் ஒரு பகுதி மறைந்தாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிறது. இரட்டைச் சுழி கொம்பின் மேல்சுழி மறைந்தால் 'தே' 'தெ' ஆகிறது. 'டு', 'பு' போன்றவற்றுக்குக் கீழேயும் வால் உண்டு. எனவே பெயரில் உள்ள புள்ளி, சுழி, வால் எல்லாவற்றையும் முதலில் வட்டமிட்டு, அவை இல்லாத இடத்தில் தலையை நகர்த்துங்கள். உங்களுக்கு 'து'வின் மேல்பகுதி வசதி. இல்லையென்றால் புள்ளியை மட்டும் தனி லேயரில் தலைக்கு மேலே கொண்டுவாருங்கள்; பாடகர் நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் டிராக்கிங்கையும் தமிழ்ப் பெயரில் தவிர்க்கவும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து போகும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தால் ஃபான்ட்டைத் திட்ட வேண்டாம். பாராகிராஃப் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பேட்டிப் பக்கத்தில் நான்கு பத்தி வைத்தோம். வரிகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. ஏன்?
– மாணவர், மதுரை

பதில்: ஏ4 பக்கத்தின் அகலம் 210 மி.மீ. இருபுறமும் 15 மி.மீ. ஓரம், பத்திகளுக்கு நடுவே 5 மி.மீ. விட்டால் நான்கு பத்தியில் ஒவ்வொன்றும் சுமார் 41 மி.மீ. 'எழுதிக்கொண்டிருந்தபோதுதான்' மாதிரி ஒரு சொல் வந்தால் வரியே முடிந்தது. இரு ஓரமும் சமப்படுத்தச் சொன்னால் மென்பொருள் மிச்சத்தைச் சொற்களுக்கு நடுவே கொட்டும். இரண்டு பத்தியாக்குங்கள், ஒவ்வொன்றும் 87.5 மி.மீ. கிடைக்கும். மூன்றுதான் வேண்டுமென்றால் (சுமார் 57 மி.மீ.) இடது ஓரம் மட்டும் சீராக இருக்கட்டும். 10 பாயின்ட் எழுத்துக்கு 14 அல்லது 15 பாயின்ட் வரி இடைவெளி கொடுங்கள். ஆங்கிலத்துக்குப் போதும் 12-ஐ வைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியில் 'கி', 'கீ' போன்றவற்றின் மேல்வளைவும் முட்டிக்கொள்ளும். சொல்லை முறித்தால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது.

அழுத்தம் கொடுக்க எழுத்தைச் சாய்க்காதீர்கள். தமிழ் எழுத்தை மென்பொருள் பெரும்பாலும் சும்மா பக்கவாட்டில் தள்ளித்தான் விடுகிறது. தடித்த எழுத்தோ வண்ணமோ போதும். முதலெழுத்தைப் பெரிதாக வைப்பதானால் 'கீ', 'பூ' என்று மேலும் கீழும் நீளும் எழுத்தில் பேட்டியைத் தொடங்காதீர்கள். முதல் வாக்கியத்தை மாற்றி எழுதுவது சுலபம். இரண்டு பக்கத்திலும் பரவும் படத்தில் முகம் மடிப்பில் விழக் கூடாது. சென்டர் பின் இதழானாலும் நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளி வையுங்கள்.

கேள்வி: திரையில் மின்னிய மேடைப் படம் அச்சில் கருத்து, நீலம் ஊதாவாகிவிட்டது.
– வாசகர், சேலம்

பதில்: மேடையின் எல்இடி நீலத்தை அச்சின் நான்கு மையால் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு; சுருக்கமாக சிஎம்ஒய்கே) கொண்டுவர முடியாது. சிஎம்ஒய்கே-யில் நீலத்தைக் கட்டும்போது மெஜந்தாவைக் குறைத்தால் ஊதா விலகும். நிழல் பகுதிகளைத் திரையில் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும் அளவுக்கு உயர்த்திக் கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் இருந்து எடுத்த 1080 பிக்சல் படம் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 9 செ.மீ. அகலம்தான் தாங்கும். முழு ஏ4 அட்டைக்கு, சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்து, 2551 × 3579 பிக்சல் வேண்டும். சின்ன எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வையுங்கள். நான்கு மையும் கலந்தால், ஒரு மையின் அச்சு சற்றே விலகினாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் வண்ண நிழல் விழும்.

கேள்வி: மாணவர் இதழுக்குப் பார்கோடு அவசியமா? சிவப்பில் போடலாமா?
– மாணவி, நாகர்கோவில்

பதில்: அட்டை நிஜ இதழாகத் தெரிய வேண்டுமானால் போடுங்கள். ஆனால் வேறோர் இதழின் எண்ணைச் சுட்டு ஒட்டாதீர்கள். பார்கோட்டின் முழு அளவு சுமார் 37 × 26 மி.மீ.; 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. சிவப்பு வேண்டாம். ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான்.